அத்தை கூப்பிட்ட ஆண்டை

1

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு சேதி. அறுபதைத் தாண்டிய பிறகு ஜெர்மனி சர்க்கார் என்னை ஆம்பளையாக்கிவிட்டது. சிரிக்காதீர்கள், முத்திரை போட்ட கடிதத்தோடுதான் ஆக்கியிருக்கிறது. அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் பாக்கியம் அத்தையின் கண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

பாக்கியம் அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் மூப்பு. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் நான் பிறந்த தெருவிலேயே இன்றைக்கும் இருக்கிறார். களத்தில் நெல் தூற்றும்போது பதர் விழுந்து, புண்ணாகி, ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணிலும் இப்போது புரை. தஞ்சாவூரில் வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். இந்தக் கண்ணும் சரியாக வரவில்லை என்றால் அத்தைக்கு அப்புறம் வெளிச்சமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் அத்தை போன் போடுவது வழக்கம். அன்றைக்குப் போட்டவர் பயந்த மாதிரியே தெரியவில்லை. கட்டளைதான் போட்டார். குடும்பத்தில் ஒவ்வொருத்தரும் போனில் வந்து, அவரவர் வாயால், தமிழில் ஜெபம் பண்ண வேண்டும். தனித்தனியாக மனசுக்குள் பண்ணுகிற ஜெபமெல்லாம் கணக்கில் வராதாம், அத்தை காதால் கேட்க வேண்டுமாம். நீடாமங்கலத்தில் இருக்கிற என் தம்பி, அத்தை குடவாசலில் கட்டிக்கொடுத்த பெண், சென்னையில் இருக்கிற அத்தையின் பேரன்கள் என்று எல்லாரும் முடித்துவிட்டார்கள். என்னுடையதும் அந்தப் போனிலேயே ஆயிற்று. பாக்கி ரூத்துதான்.

ரூத் என் ஒரே மகள். இங்கேயே பிறந்தவள். உடம்பு வலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை, டிராமில் இரண்டு நிறுத்தம் தள்ளித் தனி வீடு. உறவு முறைப்படி பாக்கியம் அவளுக்குப் பாட்டி ஆக வேண்டும், ஆனால் நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவளும் அத்தை என்றுதான் கூப்பிடுவாள். தமிழ் புரியும். பேசினால் வல்லினம் மெல்லினம் எல்லாம் ஒரே இனமாகிவிடும். வளர்ந்த பிள்ளைகளைச் சபையில் சேர்க்கிற திடப்படுத்தல் ஆராதனைக்கு வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தவள், அதற்கப்புறம் கிறிஸ்துமஸுக்குக்கூடக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. கேட்டால் சண்டை போட மாட்டாள். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவாள்.

அன்றைக்கே கேட்டதற்கு, இந்தத் தடவை சிரிக்கவில்லை. முடியாது என்றாள். தனக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லையாம். தெரியாத ஒன்றை வாயால் சொன்னால் அது பொய்யாம், அதுவும் கண் ஆபரேஷனுக்குப் போகிற மனுஷியிடம் பொய் சொல்ல மாட்டாளாம். எனக்கு வந்ததே கோபம்.

"ஒரு வார்த்தைதானடி. சொன்னா கொறஞ்சா போயிடுவ?"

"கொறஞ்சுதான் போவேன்" என்றாள் தமிழில், தெளிவாக.

2

மறுநாள்தான் அந்தக் கடிதம் வந்தது. ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து. இந்த நாட்டில் தபால்காரர் வந்துபோனாலே எனக்கு ஒரே யோசனை. என்ன கேட்பார்களோ, எந்தக் காகிதம் இல்லை என்பார்களோ. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இத்தனை வருஷம் ஓடியவள், ஒரு கடித உறையைப் பிரிக்காமல் மூக்குக் கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் அரை நாளைக் கடத்துவேன்.

பிரித்துப் பார்த்தால், "பெருமதிப்பிற்குரிய ஹெர் அருள்மணி" என்று ஆரம்பித்திருந்தார்கள். ஹெர் என்றால் இங்கே ஆண்களுக்குப் போடுகிற திரு. பெண்ணுக்கு ஃப்ரௌ. அருள்மணி என்ற பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று அவர்களால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும், பாவம். விஷயம் அதோடு நின்றால் பரவாயில்லை. கோப்பு முழுக்க என்னை ஆணாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். அதைத் திருத்தாமல் ஓய்வூதியம் நகராது, திருத்த வேண்டுமானால் நேரில் வர வேண்டும், அடையாளச் சீட்டோடு. நான் பெண் என்று நிரூபிக்க.

அலுவலகம் என்றால் ரூத்தைத் துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் போவேன். ஞாயிற்றுக்கிழமைச் சண்டை இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் வந்தாள். நம்பிக்கை இல்லை என்பாளே தவிர, கூப்பிட்டால் வந்துவிடுகிற பிள்ளை.

செவ்வாய்க்கிழமை அந்த அலுவலக அறைக்குள் போனோம். மேசைக்குப் பின்னால் ஒரு குட்டை மனிதர், சின்னக் கண்ணாடி, சின்ன மீசை. என் அடையாளச் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். பிறகு நடந்த தவறுக்கு வருந்துவதாக நீளமாகச் சொல்லிவிட்டு, இனி எதுவானாலும் தன்னையே நேராகக் கேட்கலாம் என்று மேசைமேல் இருந்த பெயர்ப் பலகையைக் காட்டினார். ஹெர் க்ளைன்.

க்ளைன் என்றால் ஜெர்மனில் சின்ன. அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தேன். முந்தானை இல்லாத ஊர், கைப்பையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவுக்குச் சளி என்று ரூத் அந்த மனிதரிடம் ஏதோ சமாளித்தாள். நல்ல மனுஷன், ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பத்து நிமிஷத்தில் நான் மறுபடியும் பெண்ணாகிவிட்டேன்.

வெளியே வந்து டிராமுக்கு நிற்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன சிரிப்பு அது, சொல்லாமல் வண்டி ஏற மாட்டேன் என்றாள்.

"அவரு பேருக்கு நம்ம ஊர்ல என்ன அர்த்தம் தெரியுமா? சின்ன ஆண்டை" என்றேன்.

3

ஆண்டை என்ற சொல்லை நம் பக்கத்துப் பிள்ளைகளே இப்போது கேட்டிருக்க மாட்டார்கள். நல்லதுதான். எங்கள் சின்ன வயசில் நிலம் வைத்திருந்தவர் ஆண்டை, அவர் மகன் சின்ன ஆண்டை. கூப்பிடும்போது "ஆண்டே". காலையில் அவர் வாசலில் நின்று ஆண்டே, நடவு நடும்போது வரப்பில் அவர் தலை தெரிந்தால் ஆண்டே, பிள்ளை செத்துப் புதைக்க இடம் வேண்டுமென்றாலும் ஆண்டே. துண்டு இடுப்புக்கு இறங்கும், முதுகு வளையும், அப்புறம்தான் வாய் திறக்கும்.

அந்தப் பழக்கத்தோடுதான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கினேன். ஹெர் என்றால் ஐயா என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வந்த புதிதில் வார்டில் பெரிய டாக்டரைப் பார்த்தால் போதும், ஹெர், ஊசி தயார். ஹெர், மூன்றாம் கட்டிலுக்குக் காய்ச்சல். ஹெர், நான் வீட்டுக்குப் போகலாமா. நோயாளிகள் போர்வைக்குள் சிரிப்பார்கள். எனக்குக் காரணம் புரியாது. கடைசியில் மேட்ரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். பெயரைச் சேர்த்துச் சொன்னால்தான் அது மனுஷனாம். பெயரில்லாமல் வெறுமே ஹெர் என்று கூப்பிட்டால் அது ஆண்டவராம், கோயிலில் ஜெபத்தில் மட்டும்தான் அப்படி வருமாம். இத்தனை நாளும் அந்த டாக்டரைப் பார்த்து நான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். டாக்டருக்கு மட்டும் அதில் கொஞ்சமும் வருத்தமில்லை.

ரூத் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, அப்படியானால் நம் ஊரிலும் ஆண்டவருக்கும் ஆண்டைக்கும் ஒரே சொல்தானா என்று கேட்டாள். ஒரே வேர்தான், ஆனால் உன் பாக்கியம் அத்தை இரண்டையும் பிரித்துவிட்டார், அதற்கு ஒரு கோயிலே விலையாகப் போனது என்றேன். வந்த டிராமை விட்டுவிட்டாள். இந்த நாட்டில் பிறந்த பிள்ளை, வந்த வண்டியை விடுவதாவது. அந்த நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து, பாதி தமிழிலும் பாதி ஜெர்மனிலுமாகச் சொன்னேன்.

4

நான் பள்ளிக்கூடம் முடித்து, நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துக் காத்திருந்த நேரம். ஆட்சி மாறியிருந்தது. கறுப்பும் சிவப்புமாக இரட்டைக் கரைத் துண்டு போட்டவர்கள் மேடை கட்டி, மைக் வைத்து, யாரும் யாருக்கும் குனிய வேண்டாம் என்று பேசிவிட்டுப் போவார்கள். அந்தப் பேச்சு எங்கள் தெருவுக்கு வருவதற்கு முன்னாலேயே சிவப்புக் கொடி வந்துவிட்டது. கூலி கேட்டு நடவை நிறுத்துவது, அதற்கு வெளியூர் ஆளை இறக்குவது, போலீஸ் வருவது என்று ஒரு போகம்கூட நிம்மதியாக விளைந்ததில்லை. எங்கள் தெருவில் எல்லாரும் விவசாயக் கூலி, எல்லாரும் அந்தச் சிவப்புக் கொடிச் சங்கம், எல்லாரும் கிறிஸ்தவர்கள். சங்கச் செயலாளர் வீரையன் மட்டும் பக்கத்துத் தெருக்காரர். கடவுளும் கிடையாது, ஆண்டையும் கிடையாது என்பது அவர் கட்சி.

வீரையன்தான் ஒரு நாள் கூட்டம் போட்டு, இனிமேல் யாரும் ஆண்டே என்று கூப்பிடக் கூடாது, ஐயா போதும், அதுவே ஜாஸ்தி என்றார். எல்லாரும் கை தூக்கினோம். கை தூக்கிவிட்டோமே தவிர, வாய் கேட்க வேண்டுமே. பழகின நாக்கு, வரப்பில் அவரைக் கண்டதும் "ஆ" வரைக்கும் வந்துவிடும். அதை அப்படியே "ஆமாங்கய்யா" என்று முடித்துத் தப்பித்தவர்கள் உண்டு.

அத்தைக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. அவர் வேறு வேலை செய்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில், பெண்கள் பக்கம் தரையில் முழங்கால் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி "ஆண்டே" என்று ஆரம்பித்து ஜெபம் பண்ணினார். கோயிலே திரும்பிப் பார்த்தது. உபதேசியார் கண்ணைத் திறந்து, ஆண்டவரே என்று சொல்லும்மா என்று திருத்தினார். அத்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெளியே வந்ததும் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். விட்டொழித்த சொல்லைக் கோயிலுக்குள் கொண்டுவருகிறாயே என்று. அத்தை சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் வயித்துப் பசியோட கூப்புட்ட வார்த்தைடி அது. ஆளு மாத்திக் கூப்புட்டுட்டாங்க. அதுக்காக வார்த்தைய குப்பையிலயா கொட்டுறது? உரியவருக்குக் குடுத்துட்டேன்."

அந்த உபதேசியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கோயிலுக்குப் பாதிரியார் மாதம் ஒரு முறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் இவர்தான் பாட்டு, பிரசங்கம், ஞாயிறு பள்ளி எல்லாம். சாது. ஈ எறும்புக்கும் வழிவிட்டு நடப்பார். கோயில் என்றால் கோபுரம் எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். மூங்கில் சட்டம், கீற்றுக் கூரை, மண் சுவர், வாசல் வேம்பில் ஒரு தண்டவாளத் துண்டு, அதுதான் மணி. பூவரசங்கட்டையில் ஒரு சிலுவை. அது நின்ற இடம் ஆண்டைக்குச் சொந்தம்.

வீடுகள் நின்ற மனைகளும் ஆண்டைக்குத்தான் சொந்தமாக இருந்தன. ஆனால் குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்து, வீட்டில் கை வைக்க முடியாமல் போனது. சொல்லும் போய் மனையும் போன கோபம் அவருக்கு. கோயில் குடியிருப்பு இல்லையே. அதில் யார் குடியிருக்கிறார்கள்? ஆண்டவர் குடியிருக்கிறார் என்று மனுப் போடலாமா என்று உபதேசியார் கேட்டதற்கு, ஒங்க ஆண்டவரு வந்து கைநாட்டு வப்பாரா என்றார் வீரையன்.

ஆற்றில் தண்ணீர் திறந்த வாரம், ஆண்டையின் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் தெருவுக்கு வந்தார். கோயில் நிற்கிற இடம் நாற்றங்காலுக்கு வேண்டுமாம், சனிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டுமாம். எல்லாரும் இடிந்துபோய் நின்றோம். காரியக்காரர் குரலைத் தணித்துக்கொண்டு, இதற்கு ஒரு வழி இருக்கிறது என்றார். பெரியவருக்கு மனசு நோகிறதாம். தெருவிலிருந்து யாராவது ஒருத்தர் போய், பழையபடி ஆண்டே என்று கூப்பிட்டு, இடத்தை விட்டுக்கொடுங்கள் என்று கேட்டால் போதும். கோயில் அப்படியே இருக்கலாம்.

"ஒரு வார்த்தைதான. சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?"

இந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. ரூத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் அவளிடம் சொன்ன சொல், அச்சு மாறாமல் அந்தக் காரியக்காரருடையது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த டிராம் வந்து நின்று போயிற்று.

"அத்தை என்ன சொன்னாங்க?" என்றாள்.

5

அன்று சாயங்காலம் கோயிலில் கூடினோம். பாதிப் பேர் சொல்லிவிடலாம் என்றார்கள். உபதேசியாரும் அந்தப் பக்கம். தாழ்மை என்றால் இதுதான் என்றார். நம் ஆண்டவரே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, குனிந்து, சீஷர்களின் காலைக் கழுவவில்லையா. அவர் குனிந்ததைவிடவா நாம் குனியப்போகிறோம். ஒரு சொல்லால் ஆலயம் பிழைக்கும் என்றால் அந்தச் சொல்லைத் தானே போய்ச் சொல்லத் தயார் என்றார். சொல்லும்போது அவர் கண் கூரையிலேயே இருந்தது. பயந்து சொன்னதில்லை அது, அந்தக் கீற்றுக் கூரையின்மேல் அவருக்கு அவ்வளவு உயிர்.

அத்தை எழுந்தார். பெண்கள் அங்கே எழுந்து பேசுகிற வழக்கம் இல்லை.

"காலக் கழுவுனாருங்க, வாஸ்தவம். ஆனா கழுவுடான்னு யாரும் சொல்லி கழுவுனாரா? அவரா துண்டக் கட்டுனாரு. அவரா குனிஞ்சாரு. அதுதான் தாழ்மை. இன்னொருத்தன் கழுத்தப் புடிச்சுக் குனிய வச்சா அதுக்கு வேற பேருங்க."

உபதேசியார் தோளில் கிடந்த துண்டை எடுத்து, மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை நாள் கோயிலில் தாழ்மையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று, இங்கே வந்து பெரிய பெரிய கோயில்களில் ஜெர்மனிலும் கேட்டிருக்கிறேன். எதுவும் எனக்கு அந்த நாலு வரி அளவுக்கு ஒட்டவில்லை. அன்று முடிவு எதுவும் எடுக்காமலே கலைந்தோம்.

6

சனிக்கிழமை விடிந்தது. கோயில் தரையைச் சாணி போட்டு மெழுகுவது அத்தைக்கும் எனக்கும் வாரமுறை. இடிக்கப்போகிற கோயிலை எதற்கு மெழுக வேண்டும் என்று கேட்டேன். இடிக்கிறவரைக்கும் கோயில்தானே என்றார் அத்தை. நான் வெளியே சாணி கரைத்துக்கொண்டிருந்தேன். அத்தை உள்ளே முழங்காலில் இருந்தார். வழக்கம்போல வாய்விட்டு ஜெபம்.

அந்த நேரம் பார்த்து ஆண்டை வந்தார். கூடக் காரியக்காரர், கடப்பாரையும் அரிவாளுமாக நாலைந்து ஆட்கள். எதிரே உபதேசியார் ஓட்டமும் நடையுமாக வந்தார். வாசலுக்கு அவர்கள் வந்து சேரவும், உள்ளேயிருந்து அத்தையின் குரல் கணீரென்று வரவும் சரியாக இருந்தது.

"ஆண்டே, நாங்க ஒங்க புள்ளைங்க. ஒங்கள விட்டா எங்களுக்கு யாரு இருக்கா. இந்த எடத்த எங்களுக்கு விட்டுக் குடுங்க ஆண்டே."

ஆண்டை அப்படியே நின்றார். காரியக்காரரை ஒரு பார்வை பார்த்தார். முகத்தில் இருந்த கடுகடுப்பு இறங்கி, மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு வந்தது. வாசல் நிலைக்குள் தலையை நீட்டினார்.

"சரி சரி, எந்திரி. அதான் சொல்லிட்டல்ல. இருந்துட்டுப் போங்க."

அத்தை திரும்பிப் பார்த்தார். ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் விளங்கியது. ஆட்கள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்கள். உபதேசியார் ஆண்டையின் முதுகுக்குப் பின்னால் நின்று, உதட்டில் விரல் வைத்து, கண்ணாலேயே கெஞ்சினார். நானும் சாணிக் கையோடு மனசுக்குள் கெஞ்சினேன். பேசாதே அத்தை. நீ பொய் சொல்ல வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கோயில் பிழைத்துவிடும்.

அத்தை எழுந்து, புடவையை உதறி, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வாசலுக்கு வந்தார். குரலில் துளி திமிர் இல்லை.

"ஐயா, மன்னிக்கணும். நான் ஒங்களக் கூப்புடலீங்க. ஆண்டவரக் கூப்புட்டேன். நீங்க வந்துட்டீங்க."

கடப்பாரைக்காரர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். ஆண்டையின் முகத்தை நான் விவரிக்கப்போவதில்லை. சாயங்காலத்துக்குள் இந்த இடம் தரையாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போனார்.

"சரிங்கய்யா" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார் அத்தை.

பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏணியைச் சாத்தி, கூரையிலிருந்து முதல் கீற்றை அத்தையே உருவினார். உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவதை உருவினார். யாரோ தண்டவாள மணியை அடித்தார்கள். தெருவே வந்துவிட்டது. இடிப்பதற்கு ஒரு கீற்றைக்கூட அவர்களுக்கு மிச்சம் வைக்கவில்லை நாங்கள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேட்டில் சர்க்கார் புறம்போக்கு. அங்கே போவோம், கேட்டால் சர்க்கார் கேட்கட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார் வீரையன். மூங்கில் தோளில், கீற்று தலையில், பாய் கக்கத்தில். கைக்குழந்தைக்காரிகள்கூட ஆளுக்கொரு கயிற்றுச் சுருளைத் தூக்கிக்கொண்டார்கள். கோயிலே எழுந்து நடந்துபோவது மாதிரி இருந்தது. எல்லார் கையும் நிறைந்துபோய்ச் சிலுவையைத் தூக்க ஆள் இல்லை. வீரையன் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எங்களிடமே சொல்லிவிட்டு, அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கடவுள் இல்லை என்கிற மனுஷன் சிலுவை சுமக்க, பின்னால் தெருவே பாடிக்கொண்டு போனது.

வாய்க்காலில் புதுத் தண்ணீர் முழங்காலுக்கு மேலே ஓடியது. இறங்கித்தான் கடக்க வேண்டும். நடுவில் நின்று அத்தை உபதேசியாரைக் கூப்பிட்டு, ஐயா, எல்லார் காலும் கழுவியாச்சு, கழுவுடான்னு சொன்னவன் ஒருத்தனும் இல்ல என்றார். உபதேசியார் சிரித்த சிரிப்பில் தோளில் இருந்த மூங்கில் ஆடியது. அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. பொழுது சாய்வதற்குள் கூரை ஏறிவிட்டது. பழைய கோயிலைவிட ஒரு முழம் அகலமாகவே கட்டினோம்.

இன்றைக்கு அது ஓட்டுக் கட்டடம். பட்டா பிற்பாடு வந்தது, சங்கமும் சட்டமும் உபதேசியாரும் அலையாய் அலைந்து வாங்கியது. பழைய இடத்தில் நாற்று விடவே இல்லை. சும்மா புல் மண்டிக் கிடந்தது. "நான் ஒருத்தரக் கூப்புட்டேன், வேற ஒருத்தர் வந்தாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் அத்தை. எங்கள் தெருவில் கடைக்கு அனுப்பின பிள்ளை சீனிக்குப் பதில் உப்பு வாங்கி வந்தால்கூட அந்த வசனம்தான்.

7

இப்படியாகக் கதை முடிந்தபோது எத்தனை டிராம் போயிருந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு வழியாக வண்டி ஏறினோம். இறங்குகிற இடத்தில் ரூத் "ஆண்டே" என்று ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், புதுச் செருப்பைப் போட்டுப் பார்ப்பதுபோல. அர்த்தம் கேட்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்த கையோடு அத்தைக்குப் போன் போட்டேன். ரூத் மாட்டேன் என்கிறாள் அத்தை, தெரியாததைச் சொன்னால் பொய் என்கிறாள், நானும் வற்புறுத்தினேன், இனி வற்புறுத்த மாட்டேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அத்தை கோபப்படுவார் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. "என்னைய மாதிரியே இருக்காளே" என்றார். விட்டுவிடு, யாரும் சொல்லி அந்தப் பிள்ளை சொல்லக் கூடாது, அவளாக வந்தால் வரட்டும் என்றார். மகள் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று இத்தனை வருஷம் மருகினேனே, அவள் எங்கேயும் போகவில்லை. அத்தை எழுந்து நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் ஓய்வூதியக் கடிதம் தேவைப்பட்டிருக்கிறது.

வியாழக்கிழமை வேலைக்குப் போகிற வழியில் ரூத் வந்து கதவைத் தட்டினாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. போன் போட்டுக் கொடு என்றாள், ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் அத்தைக்குக் கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் குடவாசல் பெண் போனைக் காதில் பிடித்துக்கொண்டிருந்தாள். ரூத் போனை இரண்டு கையாலும் பிடித்தாள். கண்ணை மூடினாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன், பார்த்தால் அது வற்புறுத்தல் மாதிரி ஆகிவிடுமோ என்று.

"ஆண்டே" என்றாள்.

அப்புறம் ஒன்றுமில்லை. அடுத்த சொல் அவளுக்கு வரவில்லை. தமிழ் வரவில்லையா, மனசு வரவில்லையா, நான் கேட்கவில்லை. பால் பொங்கி வழிந்தது, நான் அணைக்கவில்லை.

"போதும்மா" என்றார் அத்தை. "கூப்புட்டாச்சுல்ல. இனிமே அவரு பாடு."

மறுநாள் கட்டு அவிழ்த்தார்கள். நன்றாகத் தெரிகிறதாம். முதலில் தெரிந்தது குடவாசல் பெண்ணின் புடவையாம், அந்தக் கலர் சகிக்கவில்லை என்று சொல்லி அவளை அழ வைத்து, அப்புறம் சிரிக்க வைத்திருக்கிறார். அதற்கப்புறம்தான் எனக்குப் போன். சேதி கேட்க ரூத்தும் வந்து உட்கார்ந்திருந்தாள், அவளிடம் கொடு என்றார். கொடுத்தேன்.

ரூத் அவளுடைய உடைந்த தமிழில், ஒளிக்காமல் சொன்னாள். அத்தை, நான் நம்பிச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை, யாரை நினைத்துக் கூப்பிட்டேன் என்றும் தெரியவில்லை. நல்லா செஞ்சது டாக்டர்.

"டாக்டரும்தான்மா" என்றார் அத்தை. "நீ யார நெனச்சுக் கூப்புட்டியோ, எனக்கும் தெரியாது. ஆனா இந்தத் தடவ சரியான ஆளுதான் வந்தாரு."